அரைக் கரட் ஆசையும் கையில் உள்ள காசும்: வைரம் வாங்கப் போகிறவர்களுக்கு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கலியாண எழுத்துக்கு மோதிரம் வாங்கப் போனபோது வைரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு சொல், "அரைக் கரட்". யாரோ எங்கேயோ சொல்லி மண்டைக்குள் ஏறிவிட்ட அளவு அது. கடையில் நான் கேட்டதெல்லாம் அரைக் கரட் இருக்கா, என்ன விலை, கொஞ்சம் குறைக்க ஏலாதா, அவ்வளவுதான். கடை விளக்கில் கல் துள்ளித் துள்ளி மின்னியது, நானும் பெருமையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் நல்ல வெயிலில் மாமி தன் மகளுடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மனே, நடுவில கறுத்துக் கிடக்கு?" என்றார். கறுத்துத்தான் கிடந்தது.

கன நாள் கழித்துக் கொழும்பில் கல் தெரிந்த ஒருவரிடம் அளந்து பார்த்தேன். எடை சரி, 0.50 கரட் இருந்தது. ஆனால் குறுக்களவு 4.9 மில்லிமீற்றர்தான், ஆழம் அந்தக் குறுக்களவின் 67 சதவீதம், இடுப்பு, அதாவது கல்லைச் சுற்றி ஓடும் விளிம்பு, தடிப்பு. நன்றாகப் பட்டை தீட்டிய அரைக் கரட் வட்டக் கல் என்றால் முகம் 5.1 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. என் கல்லின் முகம் கிட்டத்தட்ட 0.44 கரட் கல்லின் முகம், மிச்ச எடை முழுக்கத் தொந்தி. யாருக்கும் தெரியாத தொந்திக்கு நான் கரட் விலை கொடுத்திருக்கிறேன். அன்றையிலிருந்து சொந்தத்துக்குள் யார் வைரம் வாங்கப் போனாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள், ஏமாந்தவனுக்குத்தான் வழி தெரியும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

சரி, விஷயத்துக்கு வருவோம். கையில் உள்ள காசை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். மோதிரமோ தோடோ, தங்கம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்று கடையில் கேட்டு அந்தக் காசைத் தனியே வைத்துவிட்டு, மிஞ்சுவதுதான் கல்லுக்கான காசு. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், கல்லைப் பார்த்து மயங்கி, அதற்குப் பிறகு தங்கத்துக்குக் காசு போதாமல் மோதிரத்தை மெல்லியதாக அடிக்கச் சொல்வார்கள். மெல்லிய தங்க நகத்தில், அதாவது கல்லைப் பிடிக்கிற கொக்கியில், பிடித்த கல் ஒரு நாள் கழனியிலோ கடற்கரையிலோ எங்கேயாவது கழன்று விழும். இன்னொன்றும் உண்டு. 22 கரட் தங்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அது மெதுவானது, கல்லைப் பிடிக்கிற நகங்கள் வளைந்துவிடும். வைரத்துக்கு 18 கரட்தான் வழக்கம், நூற்றில் 75 பங்கு தங்கம், உள்ளே 750 என்று முத்திரை இருக்கும். "இது பவுண் இல்லையே" என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

இந்தக் கரட் என்ற சொல்லே ஒரு குழப்பம். தங்கத்தின் கரட் தரத்தைச் சொல்வது, வைரத்தின் கரட் எடையைச் சொல்வது, மரக்கறிக் கரட் வேறு. வைரத்தில் ஒரு கரட் என்பது 0.2 கிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு பொயின்ட். ஐந்து கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம் வரும்.

இனி முக்கியமானது. எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதம் என்று வைரத்துக்கு நாலு விஷயம் பார்ப்பார்கள், இதில் முதல் மூன்றும் பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்து வந்தவை, நாலாவதுதான் முழுக்க மனிதன் கையில் இருப்பது. மின்னுவதும் மின்னாததும் அந்த நாலாவதில்தான். ஆகவே காசு போதாவிட்டால் மற்ற மூன்றிலும் இறங்குங்கள், பட்டை தீட்டலில் மட்டும் இறங்காதீர்கள். கல்லோடு வருகிற சான்றிதழில் கட் என்ற இடத்தில் எக்ஸலன்ட் என்று இருக்க வேண்டும், குறைந்தது வெரி குட். வெறும் குட் என்றால் விட்டுவிடுங்கள், பெயரில்தான் குட்.

வட்டக் கல்லில் ஆழம் குறுக்களவின் 59 முதல் 62.5 சதவீதம், மேல் தட்டை முகம் 53 முதல் 58 சதவீதம் என்ற எல்லைக்குள் இருந்தால் பெரும்பாலும் பிழை வராது. இதைச் சான்றிதழிலேயே படம் போட்டு எழுதியிருப்பார்கள், யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் நேரே நிறம் எந்த எழுத்து என்றுதான் பார்ப்பார்கள். அடிக்கூம்பு ஆழமாகப் போனால் ஒளி திரும்பி மேலே வராமல் பக்கத்தால் ஒழுகிவிடும், நடு கறுக்கும், ஆணியின் தலை மாதிரித் தெரியும், என் மோதிரத்தில் மாமி கண்டது அதைத்தான். மாறாக அடி தட்டையாகப் போனால் மேல் முகத்துக்குள் வெள்ளை வளையம் ஒன்று தெரியும், கல்லின் இடுப்பு உள்ளே பிரதிபலிப்பது, இதற்கு மீன்கண் என்றே பெயர். மீன் பாடும் ஊரில் இருந்துகொண்டு மீன்கண் வைரம் வாங்கக் கூடாது.

பார்க்கும் இடமும் முக்கியம். நகைக்கடை விளக்கு இருக்கிறதே, அது கண்ணாடித் துண்டையும் மின்ன வைக்கும். கல்லை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள், நேர் வெயிலில் அல்ல, நிழலில், பிறகு டியூப் லைட் அடியில், பிறகு உங்கள் உடம்பால் மறைத்து அரை இருட்டில். எல்லா இடத்திலும் வெளிச்சமும் இருளும் மாறி மாறி உயிரோடு இருந்தால் நல்ல கல். கடைக்காரர் வெளியே கொண்டுபோக விடவில்லை என்றால் அவருடைய பயமும் நியாயம்தான், அவரையும் கூடவே வரச் சொல்லுங்கள். அப்படியும் மாட்டேன் என்றால் வேறு கடை இல்லையா?

நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்து, டி என்றால் நிறமே இல்லை, கீழே போகப் போக மஞ்சள் கூடும். இங்கேதான் நமக்கு நல்ல மிச்சம். நம் பெண்கள் போடுவது மஞ்சள் தங்கம். மஞ்சள் தங்கத்தின் நடுவில் டி நிறக் கல்லைப் பதித்தால், சுற்றியுள்ள மஞ்சளே அதற்குள் பிரதிபலிக்கும், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசு அங்கேயே கரைந்துவிடும். ஜே போதும், ஏன், கே கூடப் போதும். வெள்ளைத் தங்கம் என்றால் எச் அல்லது ஐ. டி, ஈ, எஃப் எல்லாம் காசு மிஞ்சிக் கிடக்கிறவர்களுக்கு. சந்தேகம் என்றால் உதிரிக் கல்லை வெள்ளைத் தாளில் தலைகீழாக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், மஞ்சள் அப்போதுதான் தெரியும். நிமிர்த்தி வைத்த பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம், நமக்கே கஷ்டம் என்றால் கலியாண வீட்டில் வந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதோடு ஒட்டி ஒரு விஷயம். சான்றிதழில் ஃப்ளோரசன்ஸ் என்று ஒரு வரி இருக்கும், புறஊதா ஒளியில் கல் நீலமாக ஒளிர்வது. ஜே, கே நிறக் கல்லில் அது மீடியம் அளவில் இருந்தால் மஞ்சளைக் கொஞ்சம் அடக்கி வெள்ளையாகக் காட்டவும் செய்யும், விலையும் பொதுவாகக் குறைவு. ஸ்ட்ரோங் என்று போட்டிருந்தால் மட்டும் வெயிலில் வைத்துப் பாருங்கள், சில கற்கள் பால் ஊற்றிய மாதிரி மங்கும், நம் ஊர் வெயிலில் அது நன்றாகவே தெரியும்.

தெளிவுக்கு வருவோம். பழந்தமிழில் வைரத்துக்கு நாலு குற்றம் சொன்னார்கள், காகபாதம், களங்கம், விந்து, ஏகை, அதாவது காக்கைக் கால் மாதிரிக் கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்கு லென்சை வைத்துப் பார்ப்பவர்களும் இதையேதான் தேடுகிறார்கள், பெயர்தான் நல்லதிலிருந்து கீழே விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, ஐ என்று மாறியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் 1 என்றால் நல்லது, 2 என்றால் அதற்குக் கீழே. இந்தத் தரமெல்லாம் பத்து மடங்கு பெருக்கிப் பார்த்துப் போடுவது. உங்கள் மச்சாள் பத்து மடங்கு லென்சோடு திரிகிறாரா? வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போதும். அரைக் கரட்டுக்குக் கீழே எஸ்ஐ1 பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், விஎஸ்2 வாங்கினால் நிம்மதி, அதற்கு மேலே போவது வீண். ஐ1, ஐ2 வேண்டாம். எஸ்ஐ வாங்கும்போது குற்றம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், நடு முகத்துக்குக் கீழே கறுப்புப் புள்ளி என்றால் விடுங்கள், ஓரத்தில் வெள்ளையாக இருந்தால் நகத்துக்குள் மறைத்துப் பதிக்கலாம். ஒன்று மட்டும் கவனம், விளிம்பைத் தொடுகிற வெடிப்பு இருக்கக் கூடாது. வைரத்தைக் கீறுவது கஷ்டம், ஆனால் ஓங்கி அடித்தால் பிளக்கும். மிகக் கடினமானது என்பதால் உடையாது என்று நினைத்து அம்மியில் இடித்துவிடாதீர்கள்.

எடைக்கு இப்போதுதான் வருகிறேன், வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். வைர வியாபாரத்தில் விலை படிப்படியாக ஏறும், 0.30, 0.40, 0.50, 0.70, 0.90, 1.00 என்று படிகள். படியைத் தொட்டவுடன் முழுக் கல்லுக்கும் கரட் விலை மாறிவிடும். ஒரு பேச்சுக்கு 0.50 கல்லுக்குக் கரட் விலை 5 லட்சம், 0.46 கல்லுக்கு 4 லட்சம் என்று வையுங்கள் (இது கணக்கு விளங்கச் சொல்கிற எண், சந்தை விலை அல்ல). முதலாவது இரண்டரை லட்சம், இரண்டாவது ஒரு லட்சத்து 84 ஆயிரம். 66 ஆயிரம் ரூபா வித்தியாசம். குறுக்களவில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலே. ஆகவே 0.46, 0.67, 0.88, 0.95 இப்படிப் படிக்குச் சற்றுக் கீழே தேடுங்கள். சரியாக 0.50 அல்லது 1.00 என்று நிற்கும் கல்லைக் கண்டால் என் கல் மாதிரித் தொந்தி வைத்து எடையை எட்டப் பண்ணினதா என்று குறுக்களவைப் பாருங்கள். மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: 0.30 என்றால் 4.3 மில்லிமீற்றர், 0.40 என்றால் 4.7, அரை என்றால் 5.1, 0.70 என்றால் 5.7, ஒரு கரட் என்றால் 6.4, 6.5. அளவுகோல் ஒன்று பைக்குள் இருந்தால் நல்லது.

வட்டம்தான் வேண்டும் என்றில்லை என்றால் முட்டை வடிவம் பார்க்கலாம், அதே எடைக்குக் கரட் விலை பொதுவாகக் குறைவு, விரலில் பெரிதாகவும் தெரியும். ஆனால் நடுவில் வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கறுப்பு விழும், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கண்ணைக் குத்துகிற அளவுக்கு இருந்தால் வேண்டாம்.

சான்றிதழ் இல்லாமல் ஒரு கரட்டில் கால் பங்குக்கு மேலான கல்லை வாங்கவே வேண்டாம். கடைக்காரர் தன் பெயர் அச்சடித்த அட்டையைக் கொடுப்பார், அது சான்றிதழ் அல்ல, அது விசிட்டிங் கார்டின் பெரிய அண்ணன். ஜிஐஏ, ஐஜிஐ, எச்ஆர்டி என்று வெளி நிறுவனம் கொடுத்ததாக இருக்க வேண்டும். இதில் கண்டிப்பு அதிகம் என்று பெயர் எடுத்தது ஜிஐஏ, 1931 இல் அமெரிக்காவில் தொடங்கியது. பெயர் கேள்விப்படாத இடம் ஒன்று ஜி நிறம் என்று எழுதிக் கொடுத்தது ஜிஐஏயிடம் போனால் ஐ ஆகிவிடலாம், மலிவு என்று நினைத்து வாங்கியது உண்மையில் சரி விலையாகவே இருந்திருக்கும். சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், பிறகு கல்லின் இடுப்பில் லேசரால் அதே எண் பொறித்திருக்கிறதா என்று லென்சில் காட்டச் சொல்லுங்கள். எண்ணைக் காட்ட முடியாவிட்டால் அந்தத் தாளும் இந்தக் கல்லும் ஒன்றா என்று யாருக்குத் தெரியும்? கல்லைப் பதிப்பதற்கு முன்பே, உதிரியாக இருக்கும்போதே இதெல்லாம் நடக்க வேண்டும். பதித்த பிறகு ஓட்டையும் தெரியாது, தொந்தியும் தெரியாது.

போலியைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கையில் வைரம் கிடைப்பதில்லை. இரத்தினபுரிப் பக்கம் நீலக்கல், புஷ்பராகம் எல்லாம் வருகிறது, வைரம் வராது. "ஊரில் கிடைத்த வைரம், மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் அது மாத்தறை வைரமாக இருக்கும். பெயர்தான் வைரம், பொருள் நிறமில்லாத சேர்கோன், அழகான கல்தான், ஆனால் வேறு இனம், விலையும் வேறு. லென்சை வைத்து மேல் முகத்தால் உள்ளே பாருங்கள், பின்பக்கத்துப் பட்டைக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் வைரம் இல்லை. வைரம் மாதிரியே மின்னுகிற வேறொரு கல்லான மொய்சனைட்டும் அப்படித்தான், அதைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துக் கீச் என்று சத்தம் காட்டி நம்ப வைப்பார்கள், வெப்பத்தை மட்டும் அளக்கிற கருவி மொய்சனைட்டுக்கும் அதே சத்தம்தான் போடும். பாட்டியின் பழைய தோட்டில் உள்ளது என்ன கல் என்று தெரிய வேண்டுமானால், கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்குப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது.

இப்போது எல்லோரும் கேட்பது ஆய்வுகூட வைரம். அது போலி அல்ல. அதே கரிமம், அதே கடினம், அதே மினுக்கம், வெறும் கண்ணால் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மண்ணுக்குள் நடப்பதை இயந்திரத்துக்குள் செய்கிறார்கள். விலை இயற்கைக் கல்லில் ஒரு சின்னப் பங்குதான், கடந்த சில வருடங்களில் இன்னும் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. என் அபிப்பிராயம், பெரிதாகப் போட ஆசை, விற்கிற எண்ணம் இல்லை, பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறோம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஆய்வுகூடக் கல்லை ஆய்வுகூட விலைக்கு வாங்க வேண்டும், இயற்கை என்று சொல்லி விற்றால் அது களவு. சான்றிதழில் லேப்கிரோன் என்று எழுதியிருக்கும், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். "எல்லாம் ஒன்றுதானே" என்று கடைக்காரர் சொன்னால், அப்படியானால் விலையும் ஒன்றாக இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

விற்கிற கதைக்கு வந்ததால் ஒன்று. நம் பக்கத்தில் நகை என்றால் அவசரத்துக்கு அடகு வைக்கிற பொருள். வயல் விதைப்புக்கு, பிள்ளையின் படிப்புக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு என்று வங்கிக்குப் போகிற தங்கம் அது. வைரத்துக்கு அந்த வேலை தெரியாது. அடகில் தங்கத்தை நிறுப்பார்கள், கல்லின் எடையைக் கழிப்பார்கள், கல்லுக்குப் பெரும்பாலும் ஒரு சதமும் வராது. திரும்ப விற்கப் போனாலும் வாங்கின விலையில் நல்ல பகுதி போய்விடும், இயற்கைக் கல்லுக்கே இந்தக் கதி. சீதனத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறீர்கள் என்றால் பேசாமல் பவுண் வாங்குங்கள். வைரம் ஆசைக்கு.

அதே காரணத்தால் பில்லைக் கவனமாகப் பாருங்கள். மோதிரத்தை மொத்தமாக நிறுத்து, அந்த எடை முழுவதற்கும் தங்க விலை போட்டு, மேலே கல்லுக்குத் தனி விலையும் போடுகிற வேலையைச் சிலர் செய்வார்கள். ஒரு கல் என்றால் பெரிய நட்டமில்லை, கல் நிறையப் பதித்த அட்டிகை என்றால் காசு போகும். பில்லில் தங்கத்தின் தனி எடை, எத்தனை கரட் தங்கம், கல்லின் எடை, நிறம், தெளிவு, சான்றிதழ் எண், செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். "மொத்தம் ஒரு கரட்" என்ற சொல்லிலும் மயங்காதீர்கள், இருபது சின்னக் கல் சேர்ந்த ஒரு கரட்டும் தனிக்கல் ஒரு கரட்டும் விலையில் கிட்டவும் வராது.

மூக்குத்தி வாங்குகிறவர்களுக்கு இதில் பாதி தேவையில்லை. ஐந்து, பத்து பொயின்ட் கல்லுக்குச் சான்றிதழ் எடுக்கிற செலவே கட்டாது. மின்னுகிறதா, வெள்ளையாக இருக்கிறதா, திருகு இறுக்கமாக இருக்கிறதா, அவ்வளவு பார்த்தால் போதும். சுக்கிரனுக்கு வைரம் என்று சாத்திரியார் சொல்லிப் போடுகிறவர்களும் சின்னக் கல்லே போடலாம், சுக்கிரன் லென்ஸ் வைத்துப் பார்ப்பதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கே வாங்குவது? மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் தங்க வேலைக்குக் குறையில்லை, ஆனால் வைரம் பத்துப் பதினைந்துதான் லாச்சிக்குள் இருக்கும், அதில் ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "வட்டம், 0.45 முதல் 0.49 வரை, ஜி முதல் ஜே, விஎஸ்2 அல்லது எஸ்ஐ1, கட் எக்ஸலன்ட், ஜிஐஏ" என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, கொழும்பிலிருந்து மூன்று கல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டவுடன் கடைக்காரர் உங்களோடு கதைக்கிற விதமே மாறும், நான் கண்ணால் கண்டது. இரவு ரயிலேறிக் கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவுக்கே போகிறவர்கள் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று போகாதீர்கள், களைப்பில் எல்லாக் கல்லும் நல்ல கல்லாகத் தெரியும். டுபாயிலோ கட்டாரிலோ இருக்கிற தம்பியிடம் சொல்லி எடுப்பிக்கிறீர்கள் என்றால் அதே துண்டை அவருக்கும் அனுப்புங்கள், படம் அனுப்பி "இது வடிவா இருக்கா" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். விலையை டொலரில் கேட்டு அன்றைய நாணயமாற்றில் நீங்களே பெருக்கிப் பாருங்கள், வைரத்தின் மொத்த வியாபாரம் உலகம் முழுக்க டொலரில்தான்.

விரல் அளவு எடுப்பதைப் பின்னேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் மெலிந்திருக்கிற விரல் நம் ஊர்ப் பகல் வெக்கைக்கு வீங்கும். வாங்கின பிறகு பிட்டுக்கு மாக் குழைக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் கழற்றி வையுங்கள், வைரத்தில் எண்ணெய் பசை போல ஒட்டும், அந்தப் படலம் இருந்தால் எக்ஸலன்ட் கட்டும் மங்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு துளி, மெதுவான பழைய பல் தூரிகை, ஐந்து நிமிடம். அப்புறம் மோதிரத்தைக் காதோடு வைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள், கடகட என்று கல் ஆடுகிற சத்தம் கேட்டால் அன்றைக்கே நகை செய்கிறவரிடம் கொண்டுபோய் நகத்தை இறுக்குங்கள்.